வரைகலை அட்டை ஓவர்கிளாக்கிங்

வரைகலை அட்டை ஓவர்கிளாக்கிங் என்பது கணினியின் வரைகலை அட்டையிலுள்ள செயலியையும் நினைவகத்தையும் உற்பத்தியாளர் நிர்ணயித்த கடிகார வேகத்தைக் காட்டிலும் கூடுதல் வேகத்தில் இயங்கச் செய்வதாகும். தமிழில் இதனைக் கடிகார மிகைப்பு எனலாம். கணினி விளையாட்டுகளில் நொடிக்குக் கிடைக்கும் படச்சட்டங்களின் எண்ணிக்கையைச் செலவின்றி உயர்த்துவதே இதன் முதன்மை நோக்கம். அறிவியல் கணிப்பு, முப்பரிமாண அசைவூட்டம் போன்ற பணிகளுக்காகவும் சிலர் இதனைச் செய்கின்றனர். எனினும் அத்தகைய பணிகளில் ஒரு சிறு கணக்குப் பிழையும் முடிவைக் கெடுத்துவிடும் என்பதால் அது விரும்பத்தக்கதன்று.

ஓர் அட்டை எவ்வளவு வேகத்தைத் தாங்கும் என்பது அதன் சில்லை மட்டும் பொறுத்ததன்று. அறையின் வெப்பநிலை, தூசி, மின்வழங்கல் ஆகியவையும் அதனைத் தீர்மானிக்கின்றன. குளிர்நாடுகளில் எழுதப்பட்ட வழிகாட்டிகள் பெரும்பாலும் 20 முதல் 25 பாகை செல்சியஸ் வரையிலான அறையைக் கருத்தில் கொண்டவை. தமிழ்நாட்டின் உள்மாவட்டங்களில் அக்கணக்கு பொருந்துவதில்லை. ஆகவே இக்கட்டுரையில் சூழல் சார்ந்த எடுத்துக்காட்டுகளுக்குத் தென்காசி மாவட்டத்திலுள்ள சங்கரன்கோவில் எடுத்துக்கொள்ளப்படுகிறது. (2019 நவம்பரில் தென்காசி மாவட்டம் உருவாகும் வரை இவ்வூர் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது.)

கடிகார வேகம்

வரைகலைச் செயலியின் உள்ளே கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் ஒரு கடிகாரத் துடிப்பின் தாளத்திற்கேற்ப இயங்குகின்றன. ஒவ்வொரு துடிப்பிற்குள்ளும் ஒரு கட்டக் கணக்கு முடிந்து, விடை அடுத்த கட்டத்தை அடைந்துவிட வேண்டும். 1800 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஒரு துடிப்பின் நீளம் ஏறத்தாழ 0.56 நானோ நொடி. வேகத்தை 1950 மெகாஹெர்ட்ஸாக உயர்த்தினால் அது 0.51 நானோ நொடியாகக் குறைகிறது. அந்த இடைவெளிக்குள் கணக்கை முடிக்க இயலாத பாதை ஒன்று சில்லின் எந்த மூலையில் இருந்தாலும் தவறான விடை பதிவாகும். ஓவர்கிளாக்கிங்கின் எல்லை என்பது இந்த மிக மெதுவான பாதையின் எல்லையேயாகும்.

உற்பத்தியாளர்கள் ஒரே வார்ப்பிலிருந்து வரும் எல்லாச் சில்லுகளுக்கும் பொருந்துமாறும், பல ஆண்டுப் பயன்பாட்டையும் வெப்பமான பெட்டிகளையும் தாங்குமாறும் வேகத்தை நிர்ணயிக்கின்றனர். அதனால் பெரும்பாலான சில்லுகளில் சிறிது மிகுதி எஞ்சியிருக்கும். அந்த மிகுதியைப் பயன்படுத்துவதே ஓவர்கிளாக்கிங். ஒரே பெயருடைய இரு அட்டைகளில் ஒன்று 150 மெகாஹெர்ட்ஸ் கூடுதலைத் தாங்குவதும், மற்றொன்று 60 மெகாஹெர்ட்ஸிலேயே தடுமாறுவதும் இயல்பு. பிறர் அட்டையின் எண்களை அப்படியே பின்பற்றுவது பயனற்றது என்பதற்கு இதுவே காரணம்.

வரலாறு

1984 இல் வெளிவந்த ஐபிஎம் பிசி ஏடி கணினியின் படிகத்தை மாற்றி, 6 மெகாஹெர்ட்ஸ் இயந்திரத்தை 8 மெகாஹெர்ட்ஸில் ஓட்டியவர்கள் உண்டு. 1998 இல் இன்டெல் வெளியிட்ட செலரான் 300ஏ செயலி இவ்வழக்கத்தைப் பரவலாக்கியது. அதன் பாட்டை வேகத்தை 66 இலிருந்து 100 மெகாஹெர்ட்ஸாக மாற்றியவுடன் 300 மெகாஹெர்ட்ஸ் செயலி 450 இல் இயங்கியது. அக்காலத்தில் இது உண்மையிலேயே இலவசமாகக் கிடைத்த பாதி கணினி.

வரைகலை அட்டைகளில் 2000களின் தொடக்கத்தில் ரிவாட்யூனர் போன்ற மென்பொருள்களும், என்விடியா இயக்கியின் மறைந்த அமைப்புகளைத் திறக்கும் கூல்பிட்ஸ் என்னும் பதிவேட்டு உள்ளீடும் பயன்பட்டன. ரிவாட்யூனரை எழுதிய அலெக்சி நிகொலாய்ச்சுக்கே பின்னர் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரையும் உருவாக்கினார். இன்று மிகுதியாகப் பயன்படும் மென்பொருள் அதுவே.

2012 மார்ச்சில் வெளியான ஜிடிஎக்ஸ் 680 அட்டையுடன் என்விடியா "ஜிபியு பூஸ்ட்" என்னும் முறையை அறிமுகப்படுத்தியது. அதன் அடிப்படை வேகம் 1006 மெகாஹெர்ட்ஸ், உயர்த்திய வேகம் 1058 மெகாஹெர்ட்ஸ். அது முதல் அட்டையே தன் வெப்பநிலையையும் மின்நுகர்வையும் கவனித்து, இடமிருந்தால் வேகத்தைத் தானே ஏற்றிக்கொள்கிறது, இல்லையேல் இறக்கிக்கொள்கிறது. அதாவது, தற்கால அட்டை கடையிலிருந்து வரும்போதே ஓரளவு ஓவர்கிளாக் செய்யப்பட்டதாகும். பயனர் செய்யக்கூடியது அதன் வளைகோட்டைச் சற்று நகர்த்துவது மட்டுமே.

மின்னழுத்தமும் வெப்பமும்

சில்லின் மாறுநிலை மின்நுகர்வு பின்வரும் தொடர்பைப் பின்பற்றுகிறது:

மின்திறன் ∝ அதிர்வெண் × மின்னழுத்தம் × மின்னழுத்தம்

அதிர்வெண்ணை மட்டும் 5 விழுக்காடு உயர்த்தினால் மின்நுகர்வு ஏறத்தாழ 5 விழுக்காடு கூடும். அந்த வேகத்தைத் தாங்க மின்னழுத்தத்தையும் 5 விழுக்காடு உயர்த்தினால் மின்நுகர்வு ஏறத்தாழ 16 விழுக்காடு கூடும். விளையாட்டில் கிடைக்கும் பயனோ அதிகபட்சம் 5 விழுக்காடே. இத்துடன் வெப்பம் ஏறும்போது டிரான்சிஸ்டர்களின் கசிவு மின்னோட்டமும் கூடுவதால், சூடான சில்லு அதே வேலைக்குக் கூடுதல் மின்சாரத்தை உண்டு மேலும் சூடாகிறது.

மின்னழுத்தமும் வெப்பமும் ஆயுளையும் குறைக்கின்றன. உலோகக் கம்பிகளின் அணுக்கள் மின்னோட்டத்தால் மெல்ல இடம்பெயரும் மின்பெயர்ச்சி என்னும் நிகழ்வு வெப்பநிலையோடு விரைவுபெறுகிறது. மின்பகுபொருள் மின்தேக்கிகளின் ஆயுள் ஒவ்வொரு 10 பாகை உயர்வுக்கும் ஏறத்தாழப் பாதியாகும் என்பது மின்னணுவியலில் வழங்கும் கணிப்பு. ஆகையால் வேகத்தை மட்டும் மிதமாக உயர்த்துவது குறைந்த இடருடையது. மின்னழுத்தத்தை உயர்த்துவது அதனினும் பன்மடங்கு இடருடையது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவது புதியவர்களிடம் பரவலாகக் காணப்படும் குழப்பம்.

சங்கரன்கோவில் போன்ற வெப்பமான ஊர்களில்

காற்றால் குளிர்விக்கப்படும் அட்டையின் வெப்பநிலை, அறை வெப்பநிலைக்கு மேல் ஒரு குறிப்பிட்ட அளவு உயர்ந்து நிற்கும். விசிறி வேகமும் மின்நுகர்வும் மாறாதிருந்தால் இந்த வேறுபாடும் ஏறத்தாழ மாறாது. 25 பாகை அறையில் 68 பாகையைத் தொடும் அட்டையில் வேறுபாடு 43 பாகை. அதே அட்டை 37 பாகை அறையில் 80 பாகையைத் தொடும். பல ஜிஃபோர்ஸ் அட்டைகளில் இயல்பான வெப்ப இலக்கு 83 பாகை. அவ்விலக்கை எட்டும் முன்னரே, வெப்பம் ஏற ஏற, ஏறத்தாழ 15 மெகாஹெர்ட்ஸ் படிகளாக அட்டை தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில், கரிசல் நிலம் சூழ அமைந்த சங்கரன்கோவிலில் இதன் விளைவு பருவத்தோடு மாறுகிறது. மார்கழி இரவில் பல மணிநேரம் பிழையின்றி ஓடிய அமைப்பு, கத்திரி வெயிலில் மாடியறையின் காங்கிரீட் கூரைக்குக் கீழே பத்து நிமிடத்தில் நின்றுவிடக்கூடும். அட்டை பழுதாகவில்லை. வெப்பம் ஏறியதால் மெதுவான பாதை இன்னும் மெதுவாகிவிட்டது, அவ்வளவே. ஆகவே இப்பகுதியில் ஓர் அமைப்பைச் சோதிக்க உரிய காலம் சித்திரை, வைகாசி மாதங்களின் பிற்பகல் ஆகும். குளிர்காலத்தில் சோதித்தவர்கள் அங்கு கண்ட எல்லையிலிருந்து 30 முதல் 45 மெகாஹெர்ட்ஸ் வரை குறைத்துவைத்து, கோடையில் மறுபடி சோதிப்பது நலம்.

இரண்டாவது இடர் தூசி. சங்கரன்கோவில் விசைத்தறி ஊர். தறிக்கூடங்கள் உள்ள தெருக்களில் காற்றில் மிதக்கும் பஞ்சிழை, மண்தூசியைப் போல் விசிறி வழியே வெளியேறிவிடுவதில்லை. வெப்பமாற்றியின் அலுமினியத் தகடுகளுக்கிடையே படிந்து கம்பளம் போல் ஒட்டிக்கொள்கிறது. பின்னர் ஆனி, ஆடி மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியே வீசும் காற்று கரிசல் புழுதியை அதன்மேல் சேர்க்கிறது. இவ்வாறு அடைபட்ட வெப்பமாற்றியில் விசிறியின் ஓசை கூடும், காற்று செல்லாது. வேறு எந்த மாற்றமும் செய்யாமல் இந்தப் படலத்தை நீக்குவதே பல கணினிகளில் ஓவர்கிளாக்கிங்கை விடக் கூடுதல் பயன் தரும்.

தூய்மை செய்யும்போது கணினியை அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கி, பெட்டியின் உலோகச் சட்டத்தைத் தொட்டு உடலின் நிலைமின்னை இறக்கிவிட வேண்டும். விசிறி இறக்கைகளை விரலால் பிடித்துக்கொண்டு மென்தூரிகையாலோ காற்றூதியாலோ தூசியை அகற்றலாம். விசிறியைச் சுழலவிட்டு ஊதினால் தாங்கி தேய்வதுடன், அது மின்னாக்கியாகவும் செயற்படக்கூடும். தறிப்பகுதிகளில் இரு மாதத்திற்கொரு முறையும், பிற இடங்களில் நான்கைந்து மாதத்திற்கொரு முறையும் இது தேவைப்படலாம். பெட்டியின் காற்று நுழைவாயிலில் மெல்லிய வலை பொருத்துவது நல்லது. ஆனால் வலையையும் கழுவ வேண்டும் என்பது பலரால் மறக்கப்படுகிறது.

வறண்ட வெப்பமுள்ள ஊர்களில் தண்ணீர் ஊற்றி இயக்கும் ஏர்கூலர் நன்கு குளிர்விக்கும். எனினும் அதன் ஈரக்காற்றைக் கணினியின்மேல் நேராகப் பாய்ச்சலாகாது. நீர்த்துளிகளும் உப்புப்படிவும் மின்சுற்றுப் பலகையை அரிக்கும்.

செய்முறை

தொடங்குமுன் இயல்பான அமைப்பிலேயே அரைமணி நேரம் ஒரு சோதனை மென்பொருளையோ கனமான விளையாட்டையோ இயக்கி, வெப்பநிலை, கடிகார வேகம், மின்நுகர்வு, நொடிக்கான சராசரிப் படச்சட்டம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். யூனிஜின் ஹெவன், யூனிஜின் சூப்பர்பொசிஷன், 3டிமார்க் ஆகியன இதற்குப் பயன்படுகின்றன. ஃபர்மார்க் என்னும் மென்பொருள் எந்த விளையாட்டும் கேட்காத அளவுக்கு மின்சாரத்தை இழுப்பது. குளிர்விப்பை அறிய அது உதவும், வேகத்தின் நிலைத்தன்மையை அறிய அது சரியான சோதனையன்று. ஏனெனில் அதில் மின்வரம்பு தொட்டு அட்டை வேகத்தைக் குறைத்துக்கொள்வதால், உயர்த்திய வேகம் உண்மையில் சோதிக்கப்படுவதேயில்லை.

இயல்பு நிலையிலேயே 80 பாகையைத் தாண்டும் அட்டையில் ஓவர்கிளாக்கிங் செய்வதில் பொருளில்லை. முதலில் தூய்மை, காற்றோட்டம், தேவையெனில் வெப்பப் பசை மாற்றுதல் ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும்.

அடுத்து, விசிறி வளைகோட்டைச் சற்று உயர்த்தி, செயலியின் வேகத்தை மட்டும் 25 அல்லது 30 மெகாஹெர்ட்ஸ் கூட்டிப் பத்து நிமிடம் சோதிக்க வேண்டும். பிழையில்லையெனில் மீண்டும் அதே அளவு கூட்ட வேண்டும். பிழை தோன்றிய இடத்திலிருந்து இரு படிகள் கீழிறங்கி நிறுத்திக்கொள்ள வேண்டும். பின்னர் நினைவகத்தைத் தனியே 50 அல்லது 100 மெகாஹெர்ட்ஸ் படிகளில் உயர்த்தலாம். இரண்டையும் ஒருசேர உயர்த்தினால் பிழை எதனால் வந்தது என்று அறிய வழியிராது. இறுதியில் குறைந்தது இரண்டு மணிநேரம் வெவ்வேறு விளையாட்டுகளை இயக்கிப் பார்த்த பின்னரே, கணினி தொடங்கும்போதே அமைப்பைச் செயற்படுத்தும் தெரிவை இட வேண்டும். சோதனைக்கு முன்பே அத்தெரிவை இட்டவர்களின் கணினி தொடங்கும்போதே நின்றுபோக நேரிடும். அவ்வாறு நேர்ந்தால் விண்டோஸைப் பாதுகாப்பு முறையில் தொடங்கி அம்மென்பொருளை நீக்கிவிடலாம்.

மின்வரம்பை உயர்த்தும் நகர்த்தி பலவற்றில் உள்ளது. வெப்பநிலை இடம்கொடுத்தால் அதனைப் பயன்படுத்தலாம். மின்னழுத்த நகர்த்தியைத் தொடாதிருப்பதே நலம்.

பிழையின் அறிகுறிகள்

செயலியின் வேகம் எல்லை மீறினால் விளையாட்டு திடீரென மூடிக்கொள்வதும், திரை ஓரிரு நொடி கறுத்து மீள்வதும் நிகழும். விண்டோஸ் விஸ்டா முதல், வரைகலை அட்டை 2 நொடிக்குள் பதிலளிக்காவிட்டால் இயங்குதளம் அதன் இயக்கியை மீளத் தொடங்கும் ஏற்பாடு உள்ளது. கறுத்த திரைக்குக் காரணம் அதுவே. நினைவகம் எல்லை மீறினால் வண்ணப் புள்ளிகள், மின்னும் கட்டங்கள், சிதறிய மேற்பரப்புகள் தோன்றலாம்.

நினைவகத்தில் ஏமாற்றும் தன்மையுள்ள ஒரு நிலையும் உண்டு. ஜிடிடிஆர்5 வகை முதற்கொண்டு தரவுப் பரிமாற்றப் பிழைகளைக் கண்டறிந்து மீண்டும் அனுப்பும் வசதி உள்ளது. அதனால் வேகத்தை மிகுதியாக உயர்த்தும்போது திரையில் எப்பிழையும் தெரியாது. மீண்டும் மீண்டும் அனுப்புவதில் நேரம் வீணாகி, படச்சட்ட எண்ணிக்கை மட்டும் குறையும். ஆகவே ஒவ்வொரு படியிலும் மதிப்பெண்ணைக் குறித்துவர வேண்டும். வேகம் ஏறியும் மதிப்பெண் இறங்கினால் எல்லை கடந்துவிட்டது எனக் கொள்ளலாம்.

மின்வழங்கல்

தாய்ப்பலகையின் பிசிஐ எக்ஸ்பிரஸ் செருகுவாய் 75 வாட் வரை தரும். 6 முனை இணைப்பி 75 வாட்டும், 8 முனை இணைப்பி 150 வாட்டும் தரவல்லவை. எடுத்துக்காட்டாக, 2021 இல் வெளிவந்த ஆர்டிஎக்ஸ் 3060 அட்டையின் மின்நுகர்வு 170 வாட். ஒரே 8 முனை இணைப்பியுள்ள வடிவில் மொத்தம் 225 வாட் கிடைப்பதால் அதற்குப் போதிய இடமுண்டு. 2019 இல் வெளிவந்த ஜிடிஎக்ஸ் 1650 போன்ற 75 வாட் அட்டைகளுள் கூடுதல் இணைப்பியில்லாதவை செருகுவாயை மட்டுமே நம்பியிருப்பவை. அவற்றில் உயர்த்துவதற்கு இடம் மிகக் குறைவு.

2022 இல் ஆர்டிஎக்ஸ் 4090 அட்டைகள் சிலவற்றின் 16 முனை இணைப்பிகள் உருகின. இணைப்பி முழுமையாகச் செருகப்படாமையே முதன்மைக் காரணம் என என்விடியா அவ்வாண்டு நவம்பரில் கூறியது. எந்த அட்டையாயினும், இணைப்பி இறுதிவரை அமர்ந்துள்ளதா, கம்பி முனையருகே கூர்மையாக மடங்கியுள்ளதா என்பதைப் பார்ப்பது அவசியம். கருகிய வாடையோ இணைப்பியில் பழுப்பு நிறமோ தென்பட்டால் உடனே மின்சாரத்தை நிறுத்த வேண்டும். இது மீளத் தொடங்கிச் சரிசெய்யக்கூடிய பிழையன்று.

மலிவான மின்வழங்கிகளில் பெட்டியின்மேல் அச்சிட்ட வாட் அளவும் உண்மையில் தொடர்ந்து தரக்கூடிய அளவும் வேறுபடுவதுண்டு. வரைகலை அட்டைக்குத் தேவையானது 12 வோல்ட் தடத்தின் திறன். மொத்த வாட்டை விடுத்து, சிட்டையில் அத்தடத்தின் ஆம்பியரைப் படிப்பது சரியான முறை. மேலும் வீட்டின் மூன்றுமுனைச் செருகுவாயில் எர்த் கம்பி உண்மையில் இணைக்கப்பட்டுள்ளதா என்பதை மின்பணியாளர் ஒருவரைக் கொண்டு பார்த்துக்கொள்ள வேண்டும். பெட்டியைத் தொடும்போது மெல்லிய அதிர்வு உணரப்பட்டால் எர்த் இல்லையெனக் கருதலாம்.

தமிழ்நாட்டில் 2012 ஆம் ஆண்டு வாக்கில் நாளொன்றுக்குப் பல மணிநேர மின்வெட்டு நிலவியபோது, கணினியுடன் யுபிஎஸ் வாங்குவது ஊர்ப்புறங்களில் வழக்கமாயிற்று. பரவலாக விற்கும் 600 விஏ யுபிஎஸ்களில் பல 360 வாட் வரையே தாங்கும். 170 வாட் அட்டை, 100 வாட் மையச் செயலி, பிற உறுப்புகளும் திரையும் சேர்ந்து 65 வாட் எனக் கொண்டால் மொத்தம் 335 வாட். அட்டையை ஓவர்கிளாக் செய்து மேலும் 30 வாட் சேர்த்தால் எல்லை கடந்துவிடுகிறது. மின்சாரம் இருக்கும்வரை இது தெரியாது. மின்வெட்டு நேரும் அந்த நொடியில் யுபிஎஸ் துண்டித்துக்கொள்ள, கணினி அணைந்து, சேமிக்காத வேலையும் சிலபோது கோப்பமைப்பும் கெடும்.

மின்னழுத்தக் குறைப்பு

மேற்கூறிய சூழலுக்கு மிகப் பொருத்தமானது ஓவர்கிளாக்கிங்கின் மறுபக்கமான மின்னழுத்தக் குறைப்பு ஆகும். அண்டர்வோல்டிங் என்பது இதன் வழக்குப் பெயர். சில்லுகளில் எஞ்சியிருக்கும் மிகுதியை வேகமாக மாற்றாமல், அதே வேகத்தைக் குறைந்த மின்னழுத்தத்தில் பெறப் பயன்படுத்துவதே இம்முறை. 1.05 வோல்ட்டில் இயங்கும் சில்லு அதே வேகத்தில் 0.95 வோல்ட்டில் நிலையாக இயங்குமானால், மேற்கண்ட தொடர்பின்படி மாறுநிலை மின்நுகர்வு ஏறத்தாழ 18 விழுக்காடு குறைகிறது. வெப்பம் குறைவதால் அட்டை தன் வேகத்தை இறக்கிக்கொள்ளத் தேவையில்லாது போகிறது. கோடைப் பிற்பகலில், மின்னழுத்தம் குறைத்த அட்டை, ஓவர்கிளாக் செய்த அட்டையைவிடக் கூடுதல் சராசரி வேகத்தைத் தக்கவைப்பது இதனாலேயே சாத்தியமாகிறது.

ஆஃப்டர்பர்னரில் மின்னழுத்த-அதிர்வெண் வளைகோட்டைத் திறந்து, விரும்பும் மின்னழுத்தப் புள்ளியை வேண்டிய அதிர்வெண்ணுக்கு உயர்த்தி, அதற்கு வலப்புறமுள்ள புள்ளிகளைச் சமதளமாக்குவது வழக்கமான முறை. 25 மில்லிவோல்ட் படிகளில் இறங்கி, ஓவர்கிளாக்கிங்கைப் போன்றே சோதிக்க வேண்டும். ஏஎம்டி அட்டைகளில் அந்நிறுவனத்தின் இயக்கி மென்பொருளிலேயே இவ்வசதி உண்டு. மின்னழுத்தம் போதாவிட்டால் விளையாட்டு நின்றுவிடும். சில்லுக்குத் தீங்கு நேர்வதில்லை.

நாளொன்றுக்கு 3 மணிநேரம் விளையாடும் வீட்டில் 30 வாட் குறைந்தால் இரு மாதத்தில் 5.4 அலகு மின்சாரம் மிச்சமாகும். தொகை சிறிது. ஆனால் இருமாதக் கணக்கில் முதல் 100 அலகு 2016 முதல் இலவசமாக வழங்கப்படும் மாநிலத்தில், அவ்வெல்லையை ஒட்டிய சிறு வீடுகளுக்கு அதுவும் பொருட்படுத்தத்தக்கதே.

கிடைக்கும் பயன்

காற்றுக் குளிர்விப்பில், மின்னழுத்தத்தை உயர்த்தாமல், தற்கால அட்டைகளில் பெரும்பாலும் 3 முதல் 8 விழுக்காடு வரையான முன்னேற்றத்தை எதிர்பார்க்கலாம். நொடிக்கு 60 படச்சட்டம் தரும் விளையாட்டு 63 அல்லது 64 தரும். மையச் செயலியே தடையாக இருக்கும் விளையாட்டுகளில் எந்த மாற்றமும் இராது. அட்டையின் பயன்பாடு 95 விழுக்காட்டுக்குக் கீழே நின்றால் தடை வேறெங்கோ உள்ளது எனப் பெரும்பாலும் கொள்ளலாம். நிழல்களின் தரத்தை ஒரு படி குறைப்பது சில விளையாட்டுகளில் இதைவிடப் பன்மடங்கு பயனளிக்கும். திரையின் புதுப்பிப்பு வீதத்திற்கு மேல் படச்சட்டங்களைப் பெறுவதால் கண்ணுக்குப் பெரிய நன்மையில்லை. படச்சட்ட உச்சவரம்பை இடுவது வெப்பத்தை வெகுவாகக் குறைக்கும்.

உத்தரவாத விதிகள் நிறுவனத்திற்கு நிறுவனம் மாறுகின்றன. அட்டையின் பயாஸ் மென்பொருளை மாற்றி எழுதுவது பெரும்பாலும் உத்தரவாதத்தை நீக்கிவிடும் என்பதால், சோதனை முயற்சியாகவும் அதனைச் செய்யலாகாது.

பயன்படுத்திய அட்டைகளும் மடிக்கணினிகளும்

2022 செப்டம்பர் 15 அன்று எதிரியம் மின்பணம் வரைகலை அட்டைகளால் அகழும் முறையைக் கைவிட்ட பின், அகழ்விற்குப் பயன்பட்ட அட்டைகள் பெருமளவில் பழைய பொருள் சந்தைக்கு வந்தன. இவற்றின் நினைவகமும் விசிறிகளும் நீண்டநாள் இடைவிடாது உழைத்தவை. சென்னை ரிச்சி தெரு போன்ற சந்தைகளிலோ இணையத்திலோ பயன்படுத்திய அட்டை வாங்குவோர், முதலில் பயாஸ் மாற்றப்பட்டுள்ளதா எனப் பார்த்து, இயல்பான வேகத்தில் ஒரு மணிநேரம் ஓட்டி, நினைவக வெப்பநிலை காட்டும் அட்டையாயின் அதனையும் குறித்துக்கொள்ள வேண்டும். அத்தகைய அட்டைகளில் நினைவக வேகத்தை உயர்த்தாமலிருப்பது நல்லது.

மடிக்கணினிகளில் மையச் செயலியும் வரைகலைச் செயலியும் பெரும்பாலும் ஒரே வெப்பக்குழாயைப் பகிர்கின்றன. ஒன்றின் வேகத்தைக் கூட்டினால் மற்றது சூடாகித் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அவற்றில் மின்னழுத்தக் குறைப்பும், பின்புறத்தைச் சற்று உயர்த்தி வைத்துக் காற்று புகச் செய்வதுமே செய்யத்தக்கவை. மெத்தையின் மீதோ பாயின் மீதோ வைத்து விளையாடும்போது அடிப்புறத் துளைகள் அடைபடுவதால், எந்த அமைப்பும் பயன் தராது.